உதட்டில் கோத்த கெண்டைக் குஞ்சு

தஞ்சாவூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வந்து எங்கள் பக்கத்துக் குளங்களில் தூண்டில் போடுகிற இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். வங்கியிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் வேலை பார்ப்பவர்கள். பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் பார்த்தபோது யாரோ குத்தகைக்காரர் குளத்தை வேவு பார்க்க அனுப்பிய ஆட்கள் என்றே நினைத்தேன். பிடித்ததை விடுகிறவரை எப்படி நம்புவது? போன மாதம் அவர்களில் ஒருவர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் நான் தங்கியிருக்கும் என் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, உயிர் இரை மாட்டுறதைப் பத்தி எங்க தூண்டில் சங்க மலருக்கு எழுதிக் குடுங்க."

"யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லலீங்க. நாங்களா கேள்விப்பட்டு வந்தோம்."

அதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். முழங்கால் மடங்காமல் போனபிறகு கரையில் குந்த முடியாது. எழுதுவதற்கு நாற்காலி போதும். தவிரவும், இதில் வருகிற என் பழைய முதலாளி இப்போது உயிரோடு இல்லை. குளமும் வேறு கைக்குப் போய்விட்டது. எழுதினால் யாருக்கும் வேலை போகாது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், வேதாரண்யத்தில் உப்பளம், நாகூரில் கந்தூரித் திருவிழாச் சமயத்தில் மூட்டை தூக்கியது, இறால் பண்ணையில் காவல் என்று பல இடம். உப்பளத்தில் குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு போகும். மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து கிளம்பிக் கொள்ளிடக் கரைக்கு வந்தேன். வாளை மீனுக்குத் தூண்டில் போடும் ஒருவரிடம் சேர்ந்தேன். உயிர் இரை மாட்டக் கற்றது அங்கேதான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நான் இரையாக மாட்டிய மீன்குஞ்சு செத்துப்போனால் அன்றைக்கு எனக்குப் பழைய சோறும் கிடையாது. சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

ஓடும் தண்ணீரில் குஞ்சை உதட்டில் கோக்க வேண்டும். தூண்டில் முள்ளைக் கீழுதட்டில் நுழைத்து மேலுதட்டில் வெளியே எடுப்பது. அப்போதுதான் குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து முகம் காட்டி நிற்கும், மூச்சுவிட முடியும். முள்ளுக்கு ஒரு முழம் மேலே சின்ன ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாமல் அது பிடித்துவைக்கும்.

நின்ற தண்ணீரில் இதையே செய்தால் வேலைக்கு ஆகாது. உதட்டில் கோத்த குஞ்சு குளத்தில் சும்மா தொங்கும். விராலுக்கு அசைவு வேண்டும். அதனால் குளத்தில் முதுகில் கோப்பது. முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடு எலும்புக்கு மேலே, தோலோடு கொஞ்சம் சதையை மட்டும் சேர்த்து முள்ளை நுழைக்க வேண்டும். எலும்பைத் தொட்டால் குஞ்சு முறுக்கிக்கொண்டு செத்துவிடும். ஈயம் வேண்டாம், தக்கையும் வேண்டாம். மூங்கில் கம்பைக் கரையில் சாய்வாக ஊன்றி, குஞ்சு நீர்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே மட்டும் போகிற அளவுக்கு நரம்பைக் குட்டையாக விட வேண்டும். அது கீழே போகப் பார்க்கும், நரம்பு விடாது, சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்தச் சலசலப்புக்கு விரால் வரும். விராலுக்குப் பல் உண்டு, நரம்பை அறுத்துவிடும். அதனால் முள்ளுக்கு மேல் ஒரு சாண், பழைய சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழையை முறுக்கிக் கட்டுவேன். நரம்பு குட்டையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விரால் இரையை விழுங்குவதற்குள் கம்பு வளைந்து முள் தாடையில் ஏறிவிடும். வயிற்றுக்குள் முள் போன மீன் மறுநாள் செத்துவிடும். விராலை உயிரோடு விற்றால்தான் விரால் விலை.

இரை பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சம்பா அறுப்புக்கு முன் வயலில் தண்ணீரை வடிப்பார்கள். கடைசித் தண்ணீர் ஒதுங்கும் மூலைக் குழியில் பொடிக் கெண்டைகள் சேர்ந்திருக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். காய்ந்த கை பட்டால் செதில் போய்விடும். வயல்காரரைக் கேட்டால், "பூச்சி மருந்தா? நான் அடிக்கவே இல்லப்பா" என்பார். நம்பாதீர்கள். ஒரு குஞ்சை மட்டும் குவளையில் விட்டு, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை பாருங்கள். வாயைப் பிளந்து மேலே வந்தால் அந்த வயலை விட்டு நடையைக் கட்டுங்கள்.

கொள்ளிடத்தில் மணல் லாரிகள் நெருக்கவே, தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு பெரிய குளத்துக்கு வேலைக்குப் போனேன். குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பெயர் தெய்வசிகாமணி. ரோகு, கட்லா வளர்த்தார். குஞ்சு வாங்கிவந்து, பருக்கும்வரை பக்கத்தில் ஒரு சின்னக் குளத்தில் வலைபோட்டு மூடி வைத்திருப்பார். அதை நாற்றங்குளம் என்போம். பெரிய குளத்தில் தானாகப் பெருகிய விரால்கள் வளர்ப்பு மீனைத் தின்றன. விராலைத் தூண்டிலில் எடுத்து உயிரோடு விற்பதற்குத்தான் ஆட்கள். பிடித்ததில் எங்களுக்குப் பங்கு.

நான் போன அன்று முதலாளி ஒரு வாளியை நகர்த்திவைத்து, "ஒண்ணை மாட்டிக் காட்டு" என்றார். வாளியில் நாலைந்து குஞ்சுகள். ஒன்றைத் தவிர எல்லாம் சாகக் கிடந்தவை, வேண்டுமென்றே போட்டிருந்தார். நல்லதை எடுத்து முதுகில் கோத்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மாலையில் அதே வாளியைக் கொண்டுவந்து மறுபடியும் மாட்டச் சொன்னார்.

அதுதான் அவர் சுபாவம். குரலை உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார். எதையும் இரண்டு தடவை கேட்பார். காலையில் கேட்டதை மாலையில் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். தினமும் நாங்கள் கொண்டுவரும் விரால் ஒவ்வொன்றின் வாயையும் கரண்டிக் காம்பால் திறந்து தாடையில் முள் ஏறிய ஓட்டையைத் தேடுவார். ஓட்டை இல்லாவிட்டால் வலை போட்டாயா என்பார். இரண்டு ஓட்டை இருந்தால் முதல் தடவை எங்கே விட்டாய் என்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. யாரையும் நம்பாதவர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவார் என்று நினைத்தேன்.

எனக்கு முன்பே அங்கே இருந்தவர் ஆரோக்கியம். அவரும் கொள்ளிடக் கரைக்காரர், என்னைவிட மூத்தவர். மதகுக்குப் பக்கத்தில் முதலாளி கொடுத்த ஓட்டு வீட்டில் மனைவி ஸ்டெல்லாவோடும் மகளோடும் இருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். நான் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போவேன். எனக்கென்று ஒரு தட்டு அங்கே இருந்தது.

முதலாளியின் மைத்துனர் சேகர் மூன்றாவது ஆள். திருவையாற்றுக்காரர். வெள்ளை வேட்டியில்தான் வருவார். நாற்றங்குளத்துக்குத் தவிடு போடுவது மட்டும் அவர் பொறுப்பு, சாவி அவரிடம் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது.

மேற்குக் கரைக் கம்புகள் என்னுடையவை, கிழக்குக் கரை ஆரோக்கியத்துடையவை. பொழுது சாயும்போது இரை மாட்டிவிட்டு விடிந்ததும் போய் எடுப்போம்.

மாசி மாதம் மீன் குறைந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் இரை அப்படியே நீந்திக்கொண்டிருக்கும், விரால் இருக்காது. "மீன் எடுக்கலீங்க" என்போம். முதலாளி காலையிலும் மாலையிலும் கேட்டார். அதே பதில்தான்.

ஒரு நாள் ஒரு கம்பைப் பிடுங்கியபோது கம்பி இழையில் கை வழுக்கியது. மோந்து பார்த்தேன், விரால் வழவழப்பு. கம்பு ஊன்றிய குழியும் அகன்றிருந்தது. கம்பு நன்றாக இழுபட்டிருக்கிறது. ஆனால் முள்ளில் குஞ்சு உயிரோடு இருக்கிறது. விரால் வந்து மாட்டி, இழுத்து, இரையை உயிரோடு விட்டுவிட்டா போகும்? குஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். அது உதட்டில் கோக்கப்பட்டிருந்தது.

நான் அந்தக் குளத்துக்கு வந்தபிறகு ஒரு குஞ்சைக்கூட உதட்டில் கோத்ததில்லை. ஆக, யாரோ மீனை எடுத்துவிட்டு, வெறும் முள்ளைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வருமென்று புது இரையை மாட்டிவைத்திருக்கிறார்கள். உதட்டில் கோப்பது ஆற்றுக்காரன் கை. அங்கே ஆற்றுக்காரர்கள் நானும் ஆரோக்கியமும்தான். முதலாளியிடம் சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் என்று ஆகிவிடும். அந்த ஒருவர் நான் இல்லையென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாயைத் திறக்கவில்லை. ஆரோக்கியம் கையைக் கவனித்தேன். அவர் முதுகில்தான் கோத்தார். நான் பார்ப்பது தெரிந்து அப்படிச் செய்கிறாரோ என்றும் தோன்றியது. அவர் வீட்டில் சாப்பிடும்போது குழம்பில் கிடந்த மீனைப் புரட்டிப் பார்த்தேன். ஜிலேபிக் கெண்டை.

"என்ன தம்பி, முள்ளா இருக்கா?" என்று ஸ்டெல்லா கேட்டார்.

"இல்லக்கா. நல்லா இருக்கு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் என் கம்புகளை விட்டுவிட்டுக் கிழக்குக் கரைக்குப் போனேன். ஆரோக்கியத்தின் கம்பு ஒன்றைத் தூக்கினேன். அதிலும் உதட்டில் கோத்த குஞ்சு. கம்பியில் வழவழப்பு. தன் கம்பில் தானே திருடுவானா ஒருவன்? பங்கு கொடுக்காமல் முழு மீனும் கிடைக்குமென்றால் திருடலாம். இப்படி நான் யோசித்துக்கொண்டு நின்றபோது பின்னால் குரல் கேட்டது.

"என் கம்புல உனக்கு என்னய்யா வேலை?"

"சும்மா பாத்தேண்ணே."

"சும்மா பாக்குறதுக்கு இது என்ன தேரா? கைய எடு." குஞ்சை அவரும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கொள்ளிடத்துப் பழக்கம் போகலியோ?"

"அது என் கை இல்லண்ணே."

"என் கையும் இல்ல. குளத்துல பேய் வந்து இரை கோக்குது போல. போ, போய் உன் கரையப் பாரு."

இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னை. அன்றிலிருந்து அவர் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் போய்த் தனியாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே சேகர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சந்தையில் ஸ்டெல்லா கூடையில் விரால் வைத்து விற்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக முதலாளியிடம் சொன்னார். ஸ்டெல்லா விற்றது ஜிலேபிக் கெண்டை. அதை விற்றுக்கொள்ள முதலாளியே அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் இந்த ஒரு தடவை முதலாளி இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிடுப்பா" என்றார்.

"மொதலாளி, புள்ளைக்குப் பரீட்சை வருது. அது முடியட்டும்."

"பரீட்சை எங்க இருந்தாலும் எழுதலாம்."

"எங்கிருந்து எழுதும்? ரோட்டுலேருந்தா?"

முதலாளி உள்ளே போய்விட்டார். ஆரோக்கியம் என்னைக் கடந்து போகும்போது நின்றார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

எனக்கும் மனது சரியாக இல்லை. திருடன் அவர்தான் என்றால் எனக்குக் கவலை இல்லை. அவர் இல்லை என்றால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு போகிறது. இரண்டில் எது என்று தெரியவேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்தபோது என் கடைசிக் கம்பில் மறுபடியும் உதட்டில் கோத்த குஞ்சு. இந்தத் தடவை செத்து மல்லாந்து கிடந்தது. இதற்கு முன்னால் கோத்த இடத்தைத்தான் பார்த்தேன், குஞ்சைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். உதடு தடித்து ஓரத்தில் சுருக்கம். துடுப்பில் லேசான சிவப்பு. வயல் கெண்டை இல்லை, ரோகுக் குஞ்சு.

தூண்டில்காரன் எவனும் ரோகுக் குஞ்சை முள்ளில் போடமாட்டான். செதில் உதிர்ந்து சீக்கிரமே செத்துவிடும்; முன்பு நான் உயிரோடு பார்த்தவை விடியலுக்குச் சற்று முன் கோத்தவையாக இருக்கும். வயல் கெண்டை சும்மா கிடைக்கும்போது முதலாளி விலைகொடுத்து வாங்கிய குஞ்சைத் தொடவும் மாட்டான். ரோகுக் குஞ்சு இருந்த இடம் பூட்டிய நாற்றங்குளம் ஒன்றுதான். மாசிக் கடைசியில் வயலெல்லாம் காய்ந்துவிட்டது. கெண்டை வேண்டுமென்றால் வாய்க்கால் சேற்றில் இறங்க வேண்டும். வெள்ளை வேட்டிக்காரர் சேற்றில் இறங்கமாட்டார். கையருகே இருந்ததை அள்ளிக் கோத்துவிட்டார். அவர் ஊர் காவேரிக் கரை. சின்ன வயதில் படித்துறையில் எல்லாரும் கோப்பதுபோல அவரும் உதட்டில் கோத்துப் பழகியிருப்பார். ஆற்றுக்காரர்கள் இரண்டு பேர் என்று நான் எண்ணியது தப்பு, மூன்று பேர். வேட்டியைப் பார்த்து ஒருவரை விட்டுவிட்டேன்.

ஆரோக்கியத்திடம் சொல்லவில்லை. சொன்னால் சேகரின் சட்டையைப் பிடிப்பார், வீடு அந்த நிமிடமே போய்விடும். குஞ்சைக் குவளையில் போட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். மதகுக் கட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இது என் கம்புல இருந்துச்சுங்க. நான் கோக்கல."

குஞ்சை உள்ளங்கையில் வைத்து, விராலுக்குப் பார்ப்பதுபோலவே அதன் வாயைத் திறந்து பார்த்தார். கட்டைவிரலால் துடுப்பை விரித்தார். என்ன குஞ்சு என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இத வேற யார்கிட்டயாவது காட்டுனியா?"

"இல்லீங்க."

குஞ்சை மதகுக்குள் போட்டார். "சரி, போ" என்றார்.

மாலையில் கொட்டகைக்கே வந்தார். "இத வேற யார்கிட்டயாவது காட்டுனியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கயிற்றுக்கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு முன் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"சேகர வெளிய அனுப்புனா என் வீட்டுல ஒருத்தி என்னோட பேசமாட்டா. அடுத்த குத்தகை ஏலத்துல என்கூட நிக்கவும் ஆள் இல்ல."

"அதுக்காக ஆரோக்கியம் அண்ணன் போகணுங்களா?"

"அவன்னு சொல்லியாச்சு. ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்கள்ல?" செருப்பில் ஒட்டிய சேற்றைக் கட்டில் காலில் தேய்த்தார். "உனக்கு எந்த ஊரா இருந்தா என்ன, காளி?"

என்ன கேட்கிறார் என்று புரிந்தது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. எனக்குப் பெட்டி கிடையாது, ஒரு பைதான். பெரும்பாலும் மழைக்கு முன் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பிவிடுகிறவன் நான். இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே கிளம்ப வேண்டும்.

"ஆரோக்கியம் அண்ணன் வீட்டக் காலி பண்ணக் கூடாது. பரீட்சை முடிஞ்ச பிறகும். நாத்தங்குளத்துச் சாவி அவர் கைக்குப் போகணும்."

"சரி."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்ததுபோல இருந்தது. "சரின்னேன்ல?"

"நாளைக்குக் காலையிலயும் கேப்பேன்."

காலையிலும் கேட்டேன். காலையிலும் சரி என்றார். பிறகு ஆரோக்கியத்தையும் வாய்க்காலில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களையும் கூப்பிட்டு, மீன் எடுத்தது காளிமுத்து, ஒப்புக்கொண்டான், போலீசுக்குப் போகவில்லை, போகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனியச் சொல்லி அவர் கேட்கவில்லை. நிமிர்ந்திருந்தால் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு மதகு வழியாகப் போனபோது, ஸ்டெல்லா என் தட்டைக் கழுவி வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது.

அதன்பிறகு கல்லணைப் பக்கம் சில வருடம், மறுபடி கொள்ளிடம், பிறகு பண்ணைக் குட்டைகள். முழங்கால் போகும்வரை இரை மாட்டினேன்.

பல வருடம் கழித்து நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதலில் முகத்தைத் திருப்பினார், பிறகு அவரே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். இன்னும் அதே மதகு வீடுதான் என்றார். நாற்றங்குளம் தன் பொறுப்பில் இருக்கிறது என்றார். மகள் நர்ஸ் படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றார். முதலாளி இரண்டு தடவை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறார்.

"ஏன்யா அப்படிப் பண்ணுன? கேட்டிருந்தா என் பங்குல ரெண்டு மீனக் குடுத்திருப்பேன்ல?"

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் அங்கே வேலையில் இருக்கிறார், சேகரும் அங்கேதான் இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். "அப்ப புத்தி கெட்டுப்போச்சுண்ணே" என்றேன்.

"பொண்ணு கல்யாணத்துக்கு உனக்கும் ஒரு பத்திரிகை வைப்போம்னு ஸ்டெல்லா சொன்னா. நான்தான் வேணாம்னேன். பாத்திரம் பண்டம் கெடக்குற எடம், உன்ன எதுக்கு சோதிக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன்.

தஞ்சாவூர் பஸ் வந்தது. நல்ல கூட்டம். அவர் கையில் ஜெபமாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கிய பை இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீ முன்னால ஏறுய்யா, நான் பின்னாலயே வர்றேன்" என்றார். என்னைப் பின்னால் விட அவருக்கு மனம் வரவில்லை. நான் முன்னால் ஏறினேன்.